டாங்கியோடு முடிந்துவிடும் தரிசனம்

ஆசிரியர் அவர்களுக்கு,



குடகு நாட்டு மடிக்கேரியில் இந்தியத் தரைப்படையின் ஜெனரல் திம்மையாவின் குடும்பத்தார் வாழ்ந்த 'சன்னி சைடு' இல்லம், நெடுங்காலம் சர்க்கார் அலுவலகமாகப் புழங்கியபின், அவர் காலமாகி 55 வருஷங்கள் கழித்து, 2021 பிப்ரவரி 6ஆம் தேதி அப்போதைய ஜனாதிபதியவர்களால் நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது. தாமதமாகவேனும் நடந்த அந்தக் கைங்கரியத்தைக் குறைகூற நான் எழுதவில்லை. அங்கே பிள்ளைகளை அழைத்துவரும் பள்ளிக்கூடத்தார் அனுசரிக்கும் ஒரு வழக்கத்தை ஆட்சேபிக்கவே எழுதுகிறேன்.

அண்மையில் நான் அங்கிருந்தபோது வந்திறங்கிய நம் பக்கத்துப் பள்ளி மாணவர்களை, வளாகத்திலுள்ள டாங்கியின் முன் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். பிடித்த மறுகணமே, "ராஜா சீட்டுக்கு நேரமாச்சு, ஏறுங்க" என்று அவ்வூர்க் காட்சிமுனைக்கு விரட்டிவிட்டார்கள். அறைகளுக்குள் எட்டிப்பார்த்த பிள்ளைகள் சிலரே. வாசலில் வாகனத்தை மட்டும் கண்டு திரும்புவதற்குக் கோயில் யாத்திரை எதற்கு?

டாங்கிக்கும் திம்மையாவுக்கும் சம்பந்தமில்லை என்பதன்று. காஷ்மீர் யுத்தத்தின்போது, 1948 நவம்பர் 1ஆம் தேதி, 11,000 அடிக்கு மேற்பட்ட சோஜி லா கணவாயில், டாங்கி ஏறவே ஏறாதென்று எதிரிகள் நம்பியிருந்த இடத்தில், மேற்கூண்டுகளைக் கழற்றி மறைவாகக் கொண்டுவந்து சேர்த்த ஸ்டூவர்ட் டாங்கிகளை முன்செலுத்தி, லடாக்குக்குப் போகும் பாதையை மீட்ட படைத்தலைவர் அவர். இதையாவது யாரேனும் சொன்னார்களா என்றால், அதுவும் இல்லை.

சொல்லாமல் விடப்பட்ட மற்றொன்று இதனினும் பெரிது. கொரிய யுத்தம் 1953இல் ஓய்ந்தபோது, தாயகம் திரும்ப மறுத்த 22,000த்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகளை என்ன செய்வது என்ற சிக்கல், ஐந்து நடுநிலை நாடுகள் அடங்கிய ஆணைக்குழுவின் தலைவர் என்ற முறையில் திம்மையாவின் கையில் வந்து விழுந்தது. இந்தியச் சிப்பாய் தம் மண்ணில் காலூன்றலாகாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ பிடிவாதம் பிடித்ததனால், கைதிகளைக் காக்கச் சென்ற நம் சேனையைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டர்களில் ஏற்றியே இராணுவம் விலக்கப்பட்ட எல்லைப் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரு தரப்பாரின் நிந்தையையும் சுமந்துகொண்டு, எந்தக் கைதியையும் எந்தப் பக்கமும் பலவந்தமாகத் தள்ளிவிடாமல் அந்தக் காரியத்தை நடத்திமுடிப்பது, கணவாயைப் பிடிப்பதைவிட எளிதென்று நான் நினைக்கவில்லை. பின்னர் சைப்பிரஸ் தீவில் ஐக்கிய நாடுகள் அமைதிப்படைக்குத் தலைமை வகித்து, பதவியிலிருக்கும்போதே, 1965 டிசம்பர் 18ஆம் தேதி அங்கேயே உயிர் நீத்தார். மறு வருஷமே அந்நாடு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. பால்யத்தில் அவர் படித்த பள்ளிகளுள் ஒன்று நம் குன்னூரில் இருப்பதை நம் பிள்ளைகள் அறியாதது வேறு விஷயம்.

ஆகவே கல்வி இலாகாவினருக்குத் தங்கள் பத்திரிகை வாயிலாக நான் செய்துகொள்ளும் விக்ஞாபனம் இது: இத்தகைய இல்லங்களுக்குப் போகுமுன் வகுப்பில் ஒரு மணி நேரம் அங்கே வாழ்ந்தவரின் சரித்திரத்தைச் சொல்லவும், போனபின் அறைகளைச் சுற்றிவர ஒரு மணி நேரம் ஒதுக்கவும் பள்ளிகளுக்கு உத்தரவிட வேண்டும். அதற்கு அவகாசமில்லாத பள்ளிகள் நேரே ராஜா சீட்டுக்கே போகட்டும்; அங்கே காட்சி நன்றாகத்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
ஒரு வாசகன்,
கூடலூர், நீலகிரி.