குடி என்று சொல்லி முடிக்காதீர்கள்!

விடியுமுன் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப் வந்து நிற்கிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்குகிறோம். பெண்கள் காயெடுக்கிறார்கள், ஆண்கள் மருந்தடிக்கிறார்கள். நம்மில் பலர் குடும்பத்தோடு லயத்திலேயே கிடக்கிறோம். யாராயிருந்தாலும் சட்டையில் அந்த வாடையோடுதான் இரவு சோற்றில் கை வைக்கிறோம்.

மருந்தடித்த அன்று தலைவலி, குமட்டல், கை நடுக்கம் வரும். இது நமக்குத் தெரிந்த கதை. நாம் பேசாத கதை ஒன்று உண்டு. சில வருடம் மருந்தடித்தவனுக்குத் தூக்கம் கெடுகிறது. சொன்னது மறக்கிறது. ஒன்றுமில்லாததற்குப் பெண்டாட்டி பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறான். இல்லையென்றால் மூலையில் உட்கார்ந்து யாரோடும் பேசாமலிருக்கிறான். கங்காணி அவனைச் சோம்பேறி என்கிறான். நாமோ குடி என்கிறோம், திமிர் என்கிறோம், செய்வினை என்று பூசாரியிடம் ஓடுகிறோம். அவன் முதுகில் சுமந்த மருந்தை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஏலக்காயில் பேன் விழுந்து சொறி பிடித்தால் விலை விழும். அதற்காகத்தான் பாஸ்பரஸ் வகை மருந்துகள். இவை பூச்சியின் நரம்பை முடக்கச் செய்யப்பட்டவை. நரம்பை அடக்கியாளும் கோலினெஸ்டரேஸ் என்ற பொருள் நம் உடம்பிலும் இருக்கிறது. அதையும் இவை முடக்குகின்றன. வாயில் போனால்தான் விஷம் என்று எண்ண வேண்டாம். நனைந்த சட்டை வழியாகத் தோலுக்குள் இறங்கும். அந்தச் சட்டையைத் துவைக்கிறவளுக்கும் பங்கு உண்டு.

அமெரிக்காவில் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிப்பவர்களைப் பற்றி 1993ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. மருந்தின் விஷம் ஏறி ஒருமுறை நோயுற்றவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதை அது கண்டது. எல்லாம் மருந்தால் வந்ததென்று நாம் சொல்லவில்லை. கடனும் உண்டு, குடியும் உண்டு, ஊரை விட்ட ஏக்கமும் உண்டு. ஆனால் விசாரிக்காமலே மருந்தை மட்டும் விடுதலை செய்வது என்ன நியாயம்?

விஷம் ஏறுவது கேரளத்தில். குணம் கெடுவது தேனி மாவட்டத்து வீட்டில். அங்குள்ள டாக்டர் தோட்டத்தைப் பார்த்ததில்லை. தோட்டக்காரர் வீட்டைப் பார்த்ததில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற மலை முதலாளிக்கு வசதியாகப் போயிற்று!

சட்டம் இல்லாமலில்லை. 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ல் அதன் விதிகளும் வந்தன. மருந்தடிக்கும் ஆளுக்குக் காப்பு உடையும் மூச்சுக் கவசமும் தர வேண்டும், டாக்டரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று அவை சொல்லின. நம்மில் எத்தனை பேர் அந்தச் சோதனையைக் கண்டோம்?

ஆகவே நாம் கேட்கிறோம்: மருந்தடிக்கும் ஒவ்வொருவருக்கும் தோட்டச் செலவில் இரத்தச் சோதனை வேண்டும், அதன் சீட்டு அவன் கையில் தரப்பட வேண்டும். அடித்த உடனே அந்தப் பாத்திக்குள் பெண்களைக் காயெடுக்க அனுப்பக் கூடாது. தலை சுற்றுகிறது என்று சொன்னவனுக்கு அன்றைய கூலியை வெட்டாமல் வேறு வேலை கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. டாப்பாவில் ஒட்டிய சீட்டில் உள்ள மருந்தின் பெயரை எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மிச்ச மருந்து ஒரு சொட்டுகூட வீட்டுக்குள் வரக் கூடாது. வெறுத்துப்போன மனசுக்கு எட்டும் இடத்தில் அது இருக்கவே கூடாது. 14416 என்ற அரசுத் தொலைபேசியில் மனக்கஷ்டத்தைத் தமிழிலேயே சொல்லலாம், காசில்லை.

தாய்மாரே, தோழர்களே! வீட்டில் ஒருவர் குணம் மாறினால், ஏசுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று என்ன மருந்து அடித்தாய்?" வீட்டில் கேட்கத் தொடங்கினால், தோட்டத்து வாசலிலும் நாம் ஒன்றாக நின்று கேட்கலாம்.