நடுங்கும் கைகள்

காலை 6 மணி டீக்கடை. ஒருவர் இரண்டு கையாலும் தம்ளரைப் பிடித்தும் தேநீர் அவர் சட்டையில் சிந்துகிறது. "குடிகாரன்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். மதுவுக்குப் பழகிப்போன மூளை, அது கிடைக்காமல் தவிக்கும் தவிப்பு அந்த நடுக்கம். நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். 2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது எத்தனை வீடுகள் இதில் தவித்தன!

போதைப் பயன்பாட்டை 'அடிமைத்தனம்', 'பழக்கம்' என்று 1957இல் இரண்டாகப் பிரித்த உலக சுகாதார நிறுவனமே, அந்தக் கோடு நிற்காததால் 1964இல் 'சார்புநிலை' என்ற ஒரே சொல்லுக்கு மாறியது. நம் பேச்சு இன்னும் மாறவில்லை. கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கும் மனைவிமாரின் பரிதவிப்பு நமக்குப் புரிகிறது. சத்தியத்தோடு மருத்துவரும் வேண்டும். மது விற்கும் அரசு, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இதற்கெனப் படுக்கைகளை ஒதுக்க வேண்டும்.