பெண்ணுக்கு ஓசூரில் பயிற்சி, அம்மாவுக்கு இங்கே தூக்கமில்லை!



சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம். விளக்கேற்றி வைத்துவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தங்கச்சி வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"அக்கா, பிள்ளைக்கு ஓசூர்ல ஆறு மாசப் பயிற்சி குடுத்திருக்காங்க. மின்சார ஸ்கூட்டர் செய்யிற கம்பெனியாம். நான் வேண்டாம்னுட்டேன். நேத்திலருந்து சாப்பிடாமக் கெடக்கா."

"ஏன் வேண்டாம்னே?"

"ஓசூர் எம்புட்டுத் தூரம்! பொம்பளைப் பிள்ளைய எப்பிடித் தனியா விட? அதும்போக, சொந்தக்காரவுக எல்லாம் 'கம்ப்யூட்டர்ல சேக்காம எலெக்ட்ரிக்கல்ல சேத்துட்டியே'ன்னு கேக்காக. இவ எதுக்கு மெஷினோட மல்லுக்கட்டணும்? வீட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேலை பாத்தா என்ன?"

எங்கள் கிருஷ்ணன்கோவிலில் இந்தப் பேச்சு புதிதல்ல. 1984-ல் இங்கே கலசலிங்கம் பொறியியல் கல்லூரி வந்தது. இப்போது அது பல்கலைக்கழகம். பெட்டி படுக்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கும் பிள்ளைகளையும், பின்னாலேயே கண் கலங்கி நிற்கும் அம்மாக்களையும் வருஷா வருஷம் பார்க்கிறோம். படிக்க அனுப்பும்போது இருக்கிற தைரியம், வேலைக்கு அனுப்பும்போது நமக்கு எங்கேதான் போய்விடுகிறதோ!

கம்ப்யூட்டர் மட்டும்தான் படிப்பா?

முதலில் அந்தச் சொந்தக்காரர்களின் கேள்விக்கு வருகிறேன். 2022 நவம்பர் கடைசியில் 'சாட்ஜிபிடி' என்ற செயற்கை நுண்ணறிவு வந்தது. கேட்டால் கடிதம் எழுதும், கணக்குப் போடும், கம்ப்யூட்டர் புரோகிராமும் எழுதும். அதிலிருந்து ஒரு வீட்டில் "கம்ப்யூட்டர் வேலையே போச்சு" என்கிறார்கள். அடுத்த வீட்டில் "இனிமே இதைத்தான் படிக்கணும்" என்கிறார்கள். இரண்டையும் நம்பிப் பதற வேண்டாம்.

மிக்சி வந்ததும் அம்மி மூலைக்குப் போனது. மிளகாய் எத்தனை, மல்லி எவ்வளவு என்று தெரிந்தவளின் கைப்பக்குவம் போய்விட்டதா? இதுவும் அப்படித்தான். இந்த இயந்திரம் தப்பாகச் சொல்லும்போதும் அடித்துச் சொல்லும். அது தப்பு என்று கண்டுபிடிக்கப் பாடத்தின் அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். ஆகவே எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் அடிப்படைதான் சோறு போடும். பிரிவின் புதுப் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

எலெக்ட்ரிக்கல் பழைய படிப்பும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் தொழிற்சாலையே திறந்தார்கள். நம் ராஜபாளையம் நூற்பாலைகளில் மோட்டார் ஓடுவதும் மின்சாரத்தில்தானே? இத்தனைக்கும் யார் வேண்டும்? எலெக்ட்ரிக்கல் படித்தவர்கள்தான்.

நாலு வருஷமும் நாம் கேட்க வேண்டியவை

பிள்ளை போன் செய்தால் "சாப்பிட்டியா?", "எத்தனை மார்க்?" என்று இரண்டே கேள்விதான் கேட்கிறோம். மூன்றாவதாக, "இந்த மாசம் உன் கையால என்ன செஞ்சே?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

முதல் வருஷம்: கணக்கிலும் இயற்பியலிலும் அரியர் விழாமல் பார்த்துக்கொள்ளட்டும். விழுந்துவிட்டால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைக்குத்தான் அரியர் ஒன்று நாலாகும். எந்தப் பிரிவானாலும் 'பைத்தான்' போல ஒரு கம்ப்யூட்டர் மொழி பழகட்டும். தினமும் பத்து நிமிஷம் ஆங்கிலப் பேப்பரை வாய்விட்டுப் படிக்கட்டும்.

இரண்டாம் வருஷம்: ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 'என்.பி.டெல்.' என்று நடத்துகின்றன. பெரிய பேராசிரியர்களின் பாடங்களைச் செல்போனிலேயே இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் பரீட்சைக்கு மட்டும் கட்டணம். தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரியிலேயே தொழில் பயிற்சிகள் உண்டு. "சேந்திருக்கியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்றாம் வருஷம்: விடுமுறையில் ஒரு ஆலைக்குள் போய் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும். நமக்கு ராஜபாளையத்தில் மில்கள், சிவகாசியில் அச்சகங்கள் இருக்கின்றன. உள்ளூர்ப் பையன், பெண் என்று கேட்டுப் போனால் கதவு திறக்கும். 'கேட்' தேர்வை மூன்றாம் வருஷத்திலேயே எழுதலாம். அந்த மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். மேல்படிப்புக்கும் சில அரசு நிறுவன வேலைகளுக்கும் அது உதவும்.

நாலாம் வருஷம்: கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கும் காலம். கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது. 1961-ம் வருஷ அப்ரண்டிஸ் சட்டப்படி பட்டதாரிகளும் உதவித்தொகையோடு தொழில் பழகலாம். ஒன்றை மட்டும் முடிந்துகொள்ளுங்கள்: வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் வீட்டுப் படி ஏறக்கூடாது.

பணத்துக்கு வழி தெரியாமல் தயங்குகிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன். 'பிரகதி' என்ற மத்திய அரசு உதவித்தொகை, பொறியியல் படிக்கும் பெண்களுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் வருஷம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. முதல் வருஷத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிப் போட்டுவிடுங்கள்.

பெண்ணைத் தனியே அனுப்பலாமா?

தங்கச்சியிடம் இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னேன்.

நம் ஊர் வழியாகப் போகும் மதுரை - கொல்லம் சாலையிலேயே தெற்கே போனால் செங்கோட்டை. அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர் நிகர் ஷாஜி. 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பர் 2-ல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் அவர்தான். அது இருக்கிற இடம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர். "ஓசூர் எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொருவர் லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் நாலு மாதக் குழந்தை. அந்தக் காலத்துக் கொடுமையான வழக்கங்கள் நமக்குத் தெரியாதா? அவருடைய தகப்பனார் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, கிண்டிக்குப் படிக்க அனுப்பினார். 1943-ல் எலெக்ட்ரிக்கல் பட்டம் பெற்றார். பிறகு கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் பங்கெடுத்தார். அன்றைக்கு அவர் படித்த அதே எலெக்ட்ரிக்கல்தான் உன் மகள் படிப்பதும் என்றேன்.

தங்கச்சி சிறிது நேரம் பேசவில்லை. "எல்லாம் சரிதாங்க்கா, பயமா இருக்கே" என்றாள்.

பயம் தப்பில்லை, தாய்க்கு அது இருக்கும். அந்தப் பயத்தைக் கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். வேலை நேரம் என்ன, ராத்திரி ஷிப்ட் உண்டா, தங்கும் இடம் யார் பொறுப்பு, வண்டி வருமா? எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், பெண்களின் புகாரைக் கேட்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் வருஷச் சட்டம். அந்தக் குழுவில் யார் யார் என்று சேர்ந்த அன்றே பெண் தெரிந்துகொள்ளட்டும். ஆபத்தில் கூப்பிட 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் செய்யட்டும். முக்கியமாக, ஒருமுறை நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தங்கச்சி வீட்டுக்காரர் மில்லில் இரண்டு நாள் லீவு போட்டார். மூவருமாகப் போய் வந்தார்கள். வந்ததும் வராததுமாக என் வாசலுக்கு வந்தாள்.

"ஹாஸ்டல் சாம்பார்ல உப்பே இல்லக்கா. மத்தபடி குறை சொல்ல ஒண்ணுமில்ல. நம்ம பக்கத்துப் பிள்ளைகளே நாலு பேர் இருக்கு."

அந்தப் பெண் இப்போது ஓசூரில். வேர்க்கடலையும் வெல்லமும் டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டாள் தாய், ஷிப்ட் நடுவில் வயிறு காயக்கூடாதே என்று. ராத்திரி எட்டரை மணிக்குப் போன் வந்தபிறகுதான் எதிர்வீட்டில் விளக்கு அணைகிறது. போன வாரம் போனில் "உன் கையால என்னம்மா செஞ்சே?" என்று தங்கச்சி கேட்டாளாம். கால் மணி நேரம் அந்தப் பெண் மோட்டாரைப் பற்றியே பேசியிருக்கிறாள்.

"ஒண்ணும் புரியலக்கா. ஆனா கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் சகோதரிகளே. மற்றதைப் பெண் பார்த்துக்கொள்வாள்.