விடை தெரியாத கணக்கையும் கொடுங்கள்

பி.எஸ்சி. கணிதத்தில் எங்களுக்குத் தரப்படும் எல்லாக் கணக்குக்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இல்லாவிட்டால் கைடில் இருக்கும். யாருக்குமே விடை தெரியாத கணக்கு ஒன்றை நான் முதன்முதலில் தொட்டது, பாலிமத் ஜூனியர் என்ற இணையவழி ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்த பிறகுதான். விருதுநகர் மாவட்டத்தில் என் வீட்டில் உட்கார்ந்து செய்த அந்த வேலை நம் கல்லூரிகளுக்குள்ளும் நடக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இளநிலை மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சியில் ஈடுபடுத்தும் வழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. 2020-இல் கொரோனாவால் அந்த முகாம்கள் பல நின்றுபோயின. அப்போது தொடங்கியதே பாலிமத் ஜூனியர். வேறு நாட்டு மாணவர்களும் இதில் சேரலாம். பெயருக்கு மூலம், கணிதவியலாளர் திமதி கவர்ஸ் 2009-இல் தொடங்கிய பாலிமத் முயற்சி. ஒரே கணக்கைப் பலர் இணையத்தில் கூடி, எல்லோரும் பார்க்க, தீர்ப்பது அதன் முறை. பகா எண் இணைகளைப் பற்றி 2013-இல் யீடாங் ஜாங் நிறுவிய 7 கோடி என்ற இடைவெளி வரம்பு, பிறகு வந்த புதிய உத்திகளோடும் இந்தக் கூட்டுழைப்போடும் 246 ஆகக் குறைந்தது.

ஒரு பேராசிரியர், துணைக்கு ஆராய்ச்சி மாணவர்கள், இருபது முப்பது இளநிலை மாணவர்கள்: ஒரு குழு இப்படித்தான் அமைகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் எனக்கு இரவு ஏழரை.

எங்களுக்கு வந்தது செக்கண்டார்ஃப் ஆட்டத்தின் ஒரு மாற்று வடிவம். பெல்ஜிய மருத்துவர் எதுவார் செக்கண்டார்ஃப் 1972-இல் வெளியிட்ட தேற்றம் அதன் அடிப்படை. 1, 2, 3, 5, 8, 13 என்று போகும் ஃபிபனாச்சி எண்களைக் கூட்டி எந்த மிகை முழு எண்ணையும் பெறலாம். ஒரே எண்ணை இருமுறையோ, வரிசையில் அடுத்தடுத்த இரண்டையோ எடுக்கக் கூடாது என்றால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. 100 என்றால் 89, 8, 3.

வில்லியம்ஸ் கல்லூரியின் ஸ்டீவன் மில்லரும் அவருடைய மாணவர்களும் இதை இருவர் ஆடும் ஆட்டமாக்கினார்கள். நான்கு 1-களோடு தொடங்குவோம். முதலாமவர் இரண்டு 1-களைச் சேர்த்து 2 ஆக்கியே ஆக வேண்டும். இப்போது 2, 1, 1. இரண்டாமவர் 2-ஐயும் 1-ஐயும் சேர்த்து 3 ஆக்கினால் மீதி 3, 1. மேற்கொண்டு நகர்த்த முடியாது, கடைசியாக நகர்த்திய அவருக்கே வெற்றி. மாறாக 1-களைச் சேர்த்துவிட்டால் 2, 2. இரண்டு 2-களை 3, 1 என்று மாற்றலாம் என்பது விதி; முதலாமவர் அப்படி மாற்றி வென்றுவிடுவார். 2-க்கு மேற்பட்ட எந்த எண்ணில் தொடங்கினாலும் இரண்டாமவருக்கு வெல்லும் வழி உண்டு என்று நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் அது என்ன வழி என்று அந்த நிரூபணம் சொல்வதில்லை. ஆராய்ச்சிக்கான இடம் அங்கேதான் திறக்கிறது.

பைத்தானில் நிரல் எழுதிச் சிறிய எண்களுக்கு ஆட்டத்தை ஓடவிட்டுப் பட்டியல் எடுப்பது என் பங்கு. பட்டியலில் ஒழுங்கு தென்பட்டால் ஊகமாக எழுதுவோம். அடுத்த எண் அதை உடைத்தால் திருத்துவோம். நிற்கிற ஊகத்துக்கு வேறொருவர் நிரூபணம் தேடுவார், இன்னொருவர் அதில் ஓட்டை தேடுவார். கணிதத் தொகுத்தறிதலைப் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படித்திருந்தேன். அது ஏன் வேலை செய்கிறது என்பது, சொந்த ஊகம் ஒன்றை நிறுத்த அது தேவைப்பட்டபோதுதான் விளங்கியது.

அடிப்படையே சரியாகத் தெரியாதவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. மேலே சொன்ன ஆட்டத்தைத் தொடங்கக் கூட்டல் போதும். தேவை வரும்போது படித்த பாடம் மறப்பதில்லை. இன்றைக்குக் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் என்ற பெயரில் எத்தனையோ பேர் நூலின் இரண்டு அத்தியாயங்களைத் தட்டச்சு செய்து, பைண்டிங் போட்டு, வைவாவுக்குப் போகிறோம். அதே நேரத்தில், அதே மாணவர்கள், புதிதாக ஒரு பட்டியலாவது உருவாக்க முடியும்.

இதற்குக் கட்டடம் வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். சென்னையில் கணித அறிவியல் நிறுவனமும் சென்னைக் கணிதவியல் கழகமும் இருக்கின்றன. அங்குள்ள ஆராய்ச்சி மாணவர்கள் கோடையில் எட்டு வாரம், மாவட்டக் கல்லூரி மாணவர்களின் குழு ஒன்றை இணையத்தில் வழிநடத்தட்டும். தமிழில் பேசியே நடத்தட்டும். பல்கலைக்கழகங்கள் அந்த உழைப்பைப் புராஜெக்ட்டாக ஏற்று மதிப்பெண் தரட்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர்களே, இந்த செமஸ்டரில் ஒரு கணக்கையாவது, எனக்கும் விடை தெரியாது என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதுங்கள். மீதியை மாணவர்கள் பார்த்துக்கொள்வோம்.