இரும்படிக்கிற இடத்தில் எங்களுக்கும் வேலை இருக்கு

"அழிந்துவரும் பாரம்பரியக் கைத்தொழில்கள்" என்ற தலைப்பில் ஒரு ஒப்படை எழுதாமல் கலைப்பீடம் ஒன்றை விட்டு வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் கையை உயர்த்துங்கள். பனையோலை, பாய், மட்பாண்டம், கடைசியில் கொல்லர் தொழில். நாலு படம், ஒரு பேட்டி, "அரசு கவனம் செலுத்த வேண்டும்" என்று ஒரு முடிவுரை. புள்ளி வரும். ஆனால் அந்த ஒப்படையை எழுதினவரிடம் தோய்ச்சல் என்றால் என்ன, அலவாங்கு முனைக்கும் கத்தி முனைக்கும் அது ஏன் வேற வேற என்று கேளுங்க. பதில் வராது. ஏனென்றால் நாங்கள் கம்மாலைக்குப் போனது துக்கம் விசாரிக்க, படிக்க இல்லை.

என்ட சண்டை இந்தத் துக்கம் விசாரிக்கிற பழக்கத்தோடதான். கம்மாலை ஒரு நினைவுச்சின்னம் இல்லை. அது ஒரு பொறியியல் கூடம். அதைப் "பாரம்பரியம்" என்று சொல்லிச் சொல்லியே அங்க இருக்கிற அறிவை அறிவுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

அங்க என்ன நடக்குதெண்டு கொஞ்சம் பார்ப்போம். லொறியின் பழைய வில்லுத்தகடு ஒன்றில் கத்தி அடிக்க வேணும். ஏன் வில்லுத்தகடு? அதில் காபன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கு. கட்டடக் கம்பியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். கம்பியைச் சுட்டுத் தண்ணியில் போட்டாலும் வெட்டுற அளவுக்கு இறுகாது. வில்லுத்தகடு இறுகும். எங்கட கொல்லருக்கு இந்தச் சதவீதம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கிரைண்டரில் தொட்டதும் பறக்கிற பொறியைப் பார்த்தே இரும்பைப் பிரிப்பார். பொறி கிளைகிளையாக வெடிச்சால் காபன் கூட. நீளமாக, வெடிக்காமல் ஓடினால் குறைவு. உலகம் முழுக்கப் பட்டறைகளில் செய்கிற சோதனை இதுதான்.

பிறகு உலை. கம்மாலை ஏன் இருட்டாகக் கிடக்கு? வசதியில்லாததால் மட்டும் இல்லை. இரும்பின் நிறம்தான் அங்க வெப்பமானி. வெயிலில் நிறம் ஏமாத்தும். கருஞ்சிவப்பில் அடிச்சால் வெடிக்கும், செம்மஞ்சளில் அடிச்சால் வளையும், வெள்ளையாகிப் பொறி பறந்தால் இரும்பு எரியுது. ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் இரும்பை காந்தம் இழுக்காது. அதைத் தாண்டிக் கொஞ்சம் சூடாக்கித்தான் தோய்க்க வேணும். இதைப் பழகாத கண் ஒரு காந்தத் துண்டை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கலாம். பழகின கண்ணுக்கு அது தேவையில்லை.

தோய்த்ததும் இரும்பு கண்ணாடி மாதிரி இறுகும், கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் திரும்ப இளக்க வேணும். உளியின் நுனியை மட்டும் தோய்ச்சு எடுத்து, அரத்தால் உரஞ்சி மினுக்கிப் பார்த்தால், பின்பக்கத்தில் மிச்சம் கிடக்கிற சூடு நுனியை நோக்கி நடந்து வரும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு மண்ணிறம், ஊதா, நீலம். வைக்கோல் நிறம் ஏறக்குறைய 220 பாகை. நீலம் 300க்குக் கிட்ட. கூர் நிற்க வேண்டியதுக்கு முதல் நிறத்தில் நிறுத்தணும். அடி தாங்க வேண்டியதுக்குப் பிந்தி நிறுத்தணும். இடையில் இருக்கிறது சில வினாடிகள். இதைத்தான் நாங்கள் "கைவேலை" என்று சொல்கிறோம்.

இந்த அறிவு இந்தத் தீவுக்குப் புதுசும் இல்லை. சமனலவெவப் பக்க மலைச்சரிவுகளில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் தோண்டி எடுத்தார். அதே மாதிரி உலை கட்டி, காற்றை மட்டும் வைத்து உருக்கியும் காட்டினார். 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வந்தது. ஆயிரம் வருசத்துக்கு முந்திய உலைகள், அதிகக் காபன் உருக்குத் தந்தவை. உலகம் அதைத் தொழில்நுட்பம் என்றது. நாங்கள் எங்கட கம்மாலையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறோம்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது: "ஹாட்வெயார் கடையில மலிவா மண்வெட்டி இருக்கு, பிறகென்ன?" ஓம், இருக்கு. நல்லதும் இருக்கு, வாங்குங்க. அறுவடை மெஷின் வந்ததால் தாக்கத்திக்கு இருந்த தேவை குறைஞ்சதும் உண்மை. முதுகு நிமிர்ந்தது, அதுக்காக யாரும் அழத் தேவையில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு எழுவான்கரை மணலும் படுவான்கரைக் களியும் ஒன்றுதான். வாய் தேஞ்ச மண்வெட்டிக்கு அது புது வாய் வைக்காது. கட்டையான ஆளுக்கு ஏற்ற மாதிரி கழுத்தை வளைச்சும் தராது. கம்மாலை இல்லாத ஊரில் திருத்துறது என்ற பேச்சே இல்லை. எறியிறதும் வாங்குறதும்தான்.

இரண்டாவது வெளியில் சொல்ல மாட்டார்கள்: "அது அவங்கட தொழில்தானே." இதுதான் எல்லாத்துக்கும் அடியில் கிடக்கிற துரு. கோயிலிலும் கலியாணத்திலும் சாதி பார்க்கிற ஊர், பிறகு மேடை போட்டு "எமது கொல்லர்கள் எமது பெருமை" என்று பேசும். கொல்லர் மகன் உலையை விட்டுப் போனால் "தொழில் அழியுது" என்று கவலைப்படும். அந்தப் பிள்ளை ஏன் நிற்க வேணும்? புகையும், இரைச்சலும், குறைஞ்ச கூலியும், மரியாதை இல்லாத விளிப்பும் வேண்டாமென்று போறவரைக் குற்றம் சொல்ல எங்களில் யாருக்கும் உரிமை இல்லை. கொல்லர் மகன் கணக்காளர் ஆகட்டும். கணக்காளர் மகள் சம்மட்டி பிடிக்கட்டும். அறிவு குடும்பத்துக்குள்ளேயே பூட்டிக் கிடந்தால் அந்தக் குடும்பத்தோடயே போய்விடும்.

மூன்றாவது எங்கட வயசுக்காரருடையது. 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' பார்க்கிறோம், டமஸ்கஸ் கத்தி வீடியோ பார்க்கிறோம், கேஸ் உலை என்ன விலை என்று தேடுகிறோம். ஆசை நல்லது. ஆனால் வெளிநாட்டுப் பெட்டி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்டவாளத் துண்டு ஒன்று பட்டடையாகும். பழைய புளோவர் துருத்தியாகும். கரிதான் செலவு. சிரட்டைக்கரியைத் தண்ணி வடிகட்டுற கரியாக மாற்றி ஏற்றுமதி செய்கிற நாடு இது, கொல்லர் அந்தச் சந்தையோடதான் போட்டி போட வேண்டியிருக்கு. வீடியோ சொல்லாததை ஒரு ஆள்தான் சொல்லுவார்: கல்வனைஸ் பைப்பை உலையில் வைக்காதே, அந்த வெள்ளை நாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். நைலோன் உடுப்போட நிற்காதே. தரையில் கிடக்கிற கறுத்த இரும்பும் சுடும்.

"இரும்படிக்கிற இடத்தில ஈக்கு என்ன வேலை" என்று ஒரு பழமொழி இருக்கு. கலைப்பீடக்காரருக்கு அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலை கேட்டுக் குந்தியிருந்த பட்டதாரிகளை நினைச்சுப் பாருங்க. அவர்களின் கோரிக்கை நியாயம். நான் பட்டத்தை எறிஞ்சிட்டு உலைக்கு வாங்க என்று சொல்லவில்லை. மூன்று வருசமோ நாலு வருசமோ படிச்சும் கையால் ஒரு பொருளைச் செய்யத் தெரியாமல் வெளியே வாற படிப்பைத்தான் கேள்வி கேட்கிறேன்.

செய்யக் கூடியது சின்னது. ஐந்து பேர் சேருங்க. கம்மாலை வைத்திருக்கிற ஒருவரிடம் கிழமைக்கு ஒரு நாள் படிக்கக் கேளுங்க. ஏ.எல். ரியூசனுக்கு மணித்தியாலக் கணக்கில் குடுத்த காசை அவருக்கும் குடுங்க, இலவசமாகக் கேட்காதீங்க. "சேர்" என்று கூப்பிடுங்க. வேலை செய்தே பழகினவரைச் சோதிச்சு என்.வி.கியூ. சான்றிதழ் குடுக்கிற முறை நாட்டில் இருக்கு. அந்தப் படிவங்களை நிரப்பவும் அலுவலகத்துக்குப் போகவும் எங்கட படிப்பு உதவட்டும். அவர் சொல்ற சொற்களை, நிறங்களை, அளவுகளை எழுதி வையுங்க. அதுதான் உண்மையான ஒப்படை.

தொடங்குறது எப்படி? வீட்டுக் குசினியில் மொட்டையாகக் கிடக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு வாற சனிக்கிழமை போங்க. பேரம் பேசாதீங்க. குடுத்திட்டு வந்திடாமல் நின்று பாருங்க.