சொல்லாமல் விட்டால் 11

ஓட்டலில் "ஒரு காபி" என்று மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாதவர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் இதற்கு டிஃபால்ட் என்று பெயர். அசெம்ப்ளி மொழி மேக்ரோக்களிலும் இது உண்டு.

மேக்ரோ என்பது பல வரிக் கட்டளைகளை ஒரே பெயரில் முடிந்து வைப்பது. 1964-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசையின் அசெம்ப்ளரிலேயே இந்த வசதி இருந்தது. வேலை ரிஜிஸ்டர் 11 என்று மேக்ரோவின் தலைப்பு வரியில் எழுதிவிட்டால், கூப்பிடுகிறவர் வேறு எண் சொல்லாதவரை 11-தான். ஃபைலை விவரிக்கும் டிசிபி மேக்ரோவுக்கு எத்தனை பாராமீட்டர்கள்! எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் கார்டில் பஞ்ச் செய்ய யாரால் முடியும்? ஆகவே டிஃபால்ட்டே கூடாது என்கிற கட்சி இல்லை நான்.

ரிஜிஸ்டருக்கு மட்டும் அது கூடாது. இருப்பதே பதினாறு. மேக்ரோ ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் இருந்த மதிப்பு போயிற்று. கூப்பிடும் வரியைப் படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. பேப்பர் மிச்சம் என்று 'பிரின்ட் நோஜென்' போட்டுவிட்டால் விரிந்த வரிகள் லிஸ்டிங்கிலும் வராது.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மேக்ரோ லைப்ரரியைக் கவனித்தவர், அப்படியொரு டிஃபால்ட்டை 11-லிருந்து 10-க்கு மாற்றினார். அன்று ஒன்றும் ஆகவில்லை. மேக்ரோ விரிவது அசெம்பிள் செய்யும்போதுதான். ஏற்கெனவே தயாரான புரோகிராம்கள் பழையபடி ஓடின. மாதங்கள் கழித்து, சம்பளப் பட்டியலின் தலைப்பில் ஒரு வார்த்தையை மாற்றி மறுபடி அசெம்பிள் செய்தார்கள். 10-ல் கூட்டிக்கொண்டு வந்த தொகை பாழானது. பழி முழுக்க, தலைப்பை மாற்றிய பையன் தலையில். கணக்குப் பகுதியை அவன் தொடக்கூட இல்லை. 'கடைசியாகக் கை வைத்தது நீதானே?' என்றே கேட்டார்கள். அவன் மேல் குற்றமில்லை என்று தெரிய மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அவன் பெயர் கெட்டுவிட்டது.

டிஃபால்ட்டைக் காலியாக விட்டு, ரிஜிஸ்டர் சொல்லாவிட்டால் எம்நோட் மூலம் மேக்ரோவே எர்ரர் கொடுக்கும்படி எழுதலாம். பிற்பாடு வந்த மைக்ரோசாஃப்டின் மாஸமில், கட்டாயம் தர வேண்டிய பாராமீட்டர் என்று அதன் பக்கத்திலேயே குறிக்க முடியும். பழைய மேக்ரோவின் டிஃபால்ட் பிடிக்கவில்லையா? அதைத் தொடாமல் புதுப் பெயரில் இன்னொன்று எழுதட்டும். கூப்பிடும்போது அடிக்க வேண்டியது கூடுமே என்பார்கள். கூடட்டுமே, நாலைந்து எழுத்துதானே!