பட்டம் வாடகையைக் குறைக்காது

"ஒரு பிள்ளை கம்பஸ் போனால் போதும், வறுமை தீர்ந்துவிடும்" என்று வாதாடுகிறார்கள் நம்மவர்கள். அந்தக் குடும்பத்துக்குத் தீரலாம், தெருவுக்குத் தீராது. பட்டதாரிப் பிள்ளை மார்க்கம் நகரில் வீடு வாங்கிப் போய்விடும். ரொறன்ரோ பார்க்டேலின் ஜேம்சன் அவென்யூ அடுக்குமாடியில் காலியான வீட்டுக்கு இன்னொரு ஏழைக் குடும்பம் வரும், கூடிய வாடகைக்கு. ஆள் மாறினால் எவ்வளவும் ஏற்றலாம் என்பது ஒன்ராறியோ சட்டம்.

பார்க்டேலில் உயர்கல்வி செய்த உருப்படியான காரியம் வேறு. 1971-இல் யோர்க் பல்கலைக்கழகத்தின் ஒஸ்கூட் ஹால் சட்டக் கல்லூரியின் துணையோடு இங்கே இலவசச் சட்ட உதவி நிலையம் தொடங்கியது. மாணவர்கள் ஒரு தவணை முழுக்க அங்கே வேலை செய்கிறார்கள். அதுவே அவர்களுக்குப் பாடம். வீட்டுக்காரர் கதவிடுக்கால் தள்ளிய, வாடகைப் பாக்கிக்கான என்4 படிவத்தைக் கண்டு பெட்டி கட்டத் தொடங்கும் குடும்பத்துக்கு, இது வெறும் அறிவித்தல், குறித்த நாளுக்குள் பாக்கியைக் கட்டினால் செல்லாது, வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தின் கட்டளையின்றி யாரும் வெளியேற்ற முடியாது என்று சொல்ல ஆள் வேண்டாமா? 2017-இல் இதே பார்க்டேலில் குடியிருப்பாளர்கள் வாடகை கட்ட மறுத்துப் போராடி, உயர்வைக் குறைக்க வைத்தார்கள். அவர்களிடம் யாரும் பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை.

பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2019-இல் ஒன்ராறியோ அரசு ஏழை மாணவர்களின் இலவசக் கல்வி உதவியையும் சட்ட உதவி நிதியையும் சேர்த்தே வெட்டியது. பட்டமளிப்புப் படங்களுக்கு லைக் போட்டது போதும். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் இந்த இரண்டையும் பற்றிக் கேளுங்கள்.